முதல் வரியில் நேரத்தை எழுதுங்கள்

தமிழ்நாட்டின் மென்பொருள், பிபிஓ நிறுவனங்களில் டீம் லீடாகவும் மேனேஜராகவும் இருப்பவர்களுக்கு,

உங்கள் குழுவில் ஆறு பேர் இருக்கலாம், பதினைந்து பேர் இருக்கலாம். சிறுசேரியிலோ தரமணியிலோ கோவை சரவணம்பட்டியிலோ, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தோ அவர்கள் வேலை பார்க்கலாம். அவர்களுடைய வேலைநாள் எப்படிக் கழிகிறது என்பதை நிறுவனத்தின் உச்சியில் இருப்பவர்களைவிட, எச்ஆர் துறையைவிட, நீங்கள்தான் அதிகம் தீர்மானிக்கிறீர்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு. இன்பாக்ஸைக் கட்டுக்குள் வைப்பது எப்படி, அன்றாடம் சின்னச் சின்னப் பழக்கங்களை வளர்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லித் தரும் புத்தகங்களும் பயிற்சி வகுப்புகளும் பெரும்பாலும் மெயில் பெறுகிறவரைப் பார்த்தே பேசுகின்றன. எழுந்ததும் மெயில் பார்க்காதே, நோட்டிஃபிகேஷனை அணைத்து வை, ஒரு நாளைக்கு மூன்று முறை மட்டும் இன்பாக்ஸைத் திற என்கின்றன. நல்ல யோசனைகள்தான். ஆனால் அவற்றைக் கடைப்பிடிக்க முடிவதும் முடியாததும் பெரும்பாலும் மெயில் அனுப்புகிறவரைப் பொறுத்தது. உங்கள் குழுவில் யாருடைய மெயிலைப் பார்த்தால் எல்லோரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறார்களோ, அவர் நீங்கள். எனவே உங்களிடம் ஒரே ஒரு சின்னப் பழக்கத்தைக் கேட்கிறேன். பதில் தேவைப்படும் ஒவ்வொரு மெயிலின் முதல் வரியிலும் அந்தப் பதில் எப்போதைக்குள் வேண்டும் என்று எழுதுங்கள். பதில் வேண்டாம் என்றால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு மெயிலை எடுத்துக்கொள்வோம். இரவு மணி 9.30. கோடைகாலமென்றால் நியூயார்க்கில் அப்போது பகல் 12 மணி. கிளையன்ட்டோடு பேசி முடித்த கையோடு, மறந்துபோவதற்குள் அனுப்பிவிடலாம் என்று ஒரு எக்ஸெல் ஷீட்டை இணைத்து, "ப்ளீஸ் செக் அண்ட் கன்ஃபர்ம்" என்று ஒரே வரி எழுதி அனுப்புகிறீர்கள். டூ-வில் ஒருவர், சிசியில் ஐந்து பேர். நாளை மதியத்துக்குள் பார்த்துச் சொன்னால் போதும் என்பதுதான் உங்கள் எண்ணம். அந்த எண்ணம் மெயிலில் எங்கும் இல்லை. டூ-வில் இருப்பவர் கம்பெனி பஸ்ஸில் வீடு வந்து, சமைத்து, பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறார். போன் ஒளிர்கிறது. பார்த்துவிட்டார். இனி லேப்டாப்பைத் திறந்து, ஓடிபி போட்டு, விபிஎன் கனெக்ட் ஆகும்வரை காத்திருந்து, ஷீட்டைச் சரிபார்த்தால் மணி பத்தரை ஆகும். திறக்காமல் விட்டால் அந்த ஷீட் இரவு முழுவதும் மனதுக்குள் கிடந்து உறுத்தும். சிசியில் இருக்கும் ஐவருக்கு வேறு கவலை. இது நமக்கா, நாமும் ஏதாவது சொல்ல வேண்டுமா, சொல்லாவிட்டால் அக்கறை இல்லை என்று நினைப்பார்களா? அவர்களில் ஒருவர் 9.50-க்கு "லுக்கிங் இன்டு இட்" என்று ரிப்ளை ஆல் போடுகிறார். மற்ற ஐந்து போன்களும் மறுபடி ஒளிர்கின்றன. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. "நாளை செவ்வாய் பகல் 2 மணிக்குள் போதும். சிசியில் இருப்பவர்களுக்கு, தகவலுக்காக மட்டும்" என்று முதல் வரியில் இருந்திருந்தால் ஆறு பேருடைய இரவு அவர்களிடமே இருந்திருக்கும். வேலையும் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகியிருக்காது.

பெறுகிறவர் ஏன் இப்படிப் பதற வேண்டும், நான் உடனே கேட்கவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். இதைத் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். லண்டன் பிசினஸ் ஸ்கூலின் லாரா ஜியூர்ஜேவும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வனெசா போன்ஸும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு அது. எட்டுச் சோதனைகள், மொத்தம் 4,000-க்கும் மேற்பட்டவர்கள். அவசரமில்லாத வேலை மெயில் ஒன்று வேலை நேரத்துக்கு வெளியே வந்தால் எவ்வளவு விரைவில் பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்று அனுப்பியவர் பக்கமும் பெற்றவர் பக்கமும் கேட்டார்கள். அனுப்புகிறவர் உண்மையில் எதிர்பார்ப்பதைவிட விரைவாகப் பதில் தர வேண்டும் என்றே பெறுகிறவர்கள் நினைத்தார்கள். ஒரே மனிதர் அனுப்பும் இடத்தில் இருக்கும்போது நிதானமாக இருக்கிறார், பெறும் இடத்துக்கு வந்தால் பதறுகிறார். இந்தத் தவறான கணிப்பு மன அழுத்தத்தோடும் தொடர்புடையதாக இருந்தது. உங்களுக்குப் பயன்படப்போகும் பகுதி இதற்கு அடுத்தது. இது அவசரமில்லை, உடனே பதில் வேண்டாம் என்று அனுப்புகிறவர் ஒரு வரி சேர்த்தபோது அந்த இடைவெளி குறைந்தது. செலவில்லாத, யாருடைய அனுமதியும் தேவையில்லாத தீர்வு இது. இருந்தும் பெரும்பாலான அலுவலகங்களில் இது நடப்பதில்லை. ஏனென்றால், எழுதுகிறவருக்குத் தன் மனதில் இருக்கும் நேரம் எல்லோருக்கும் தெரிந்ததுபோலவே தோன்றுகிறது.

அடிக்கடி மெயில் பார்ப்பதால் அப்படி என்ன நஷ்டம் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். மெக்கின்ஸி குளோபல் இன்ஸ்டிட்யூட் 2012-ல் போட்ட கணக்குப்படி, அறிவுத் துறை ஊழியர் ஒருவருடைய வேலை வாரத்தில் ஏறத்தாழ 28 சதவீதம் மெயில் படிப்பதிலும் பதில் எழுதுவதிலும் போகிறது. இது நேரம் மட்டும்தான். கவனம் சிதறுவது இந்தக் கணக்கில் வராது. அதே 2012-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க்கும் ஸ்டீபன் வாய்டாவும் ஓர் அலுவலகத்தில் 13 பேருடைய மெயிலை ஐந்து நாள் முழுவதுமாக நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் உடலில் இதயத் துடிப்பை அளக்கும் கருவியும் இருந்தது. மெயில் இருந்தபோது கணினியில் ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்கு மணிக்குச் சராசரியாக 37 முறை தாவியவர்கள், மெயில் இல்லாதபோது 18 முறைதான் தாவினார்கள். இதயத் துடிப்பின் போக்கும் பதற்றம் தணிந்திருப்பதைக் காட்டியது. பதின்மூன்று பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டெஸ்ட் கேஸ் எழுதுகிறவரும், பக் தேடுகிறவரும், இன்வாய்ஸ் சரிபார்க்கிறவரும் இந்தத் தாவலின் விலையை நன்றாக அறிவார்கள். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் காட்டியதுபோல, ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்கு நகரும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, புதிய வேலையின் தரம் குறைகிறது. பதினைந்து நொடியில் படித்து மூடிய மெயிலானாலும், அதற்குப் பதில் சொல்லாமல் மூடியிருந்தால் அதுவும் முடிக்காத வேலைதான்.

அப்படியென்றால் ஊழியர்களே குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் மெயில் பார்க்கப் பழகட்டுமே என்பது அடுத்த யோசனை. அதற்கு ஆதரவான சான்றும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோஸ்டடின் குஷ்லெவும் எலிசபெத் டன்னும் 124 பேரை ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள். இன்னொரு வாரம் விருப்பம்போல் பார்க்கச் சொன்னார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி, மூன்று முறை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைந்திருந்தது. 2019-ல் வெளியான இன்னொரு ஆய்வு இந்தியாவில் 237 ஸ்மார்ட்போன் பயனாளர்களிடம் நடந்தது. நோட்டிஃபிகேஷன்கள் நாளுக்கு மூன்று வேளை மொத்தமாக வந்தவர்கள் அதிகக் கவனத்தோடும் நல்ல மனநிலையோடும் இருந்தார்கள். நோட்டிஃபிகேஷனே வராமல் அடைக்கப்பட்டவர்களுக்கோ அந்த நன்மை பெரிதாகக் கிடைக்கவில்லை, பதற்றம்தான் கூடியது. எதையோ தவறவிடுகிறோம் என்ற பயம் அவர்களை விடவில்லை. மூன்று வேளை என்ற அளவு ஏதோ மந்திர எண் என்று நான் சொல்லமாட்டேன். முற்றிலும் மூடுவதும் தீர்வாகாது, எந்நேரமும் திறந்து வைப்பதும் தீர்வாகாது, எப்போது பார்க்கலாம் என்ற நிச்சயம் இருந்தால்தான் மனம் அடங்குகிறது என்றுதான் இதிலிருந்து எனக்குப் புரிகிறது.

இதற்கு எதிரான சான்றையும் உங்கள் முன் வைக்க வேண்டும், ஏனெனில் என் வாதம் அதில்தான் நிற்கிறது. குளோரியா மார்க்கும் சக ஆய்வாளர்களும் 2016-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் 40 ஊழியர்களை 12 வேலைநாள் கவனித்தார்கள். மெயிலில் செலவாகும் நேரம் கூடக்கூட மன அழுத்தமும் கூடியது. ஆனால் மெயிலைச் சேர்த்து வைத்து மொத்தமாகப் பார்ப்பவர்களுக்கு மன அழுத்தம் குறைவு என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஒரு பக்கம் சோதனையில் குறைகிறது, இன்னொரு பக்கம் அன்றாட அலுவலகத்தில் குறையவில்லை. ஏன்? இரண்டும் வெவ்வேறு முறையில் நடந்தவை என்பதால் ஒரே காரணத்தைச் சுட்டிவிட முடியாது. ஆனால் ஒரு வேறுபாடு என் கண்ணில் படுகிறது. சோதனையில், நாளுக்கு மூன்று முறைதான் பார்க்க வேண்டும் என்று வெளியிலிருந்து ஒருவர் சொல்லிவிட்டார், குற்ற உணர்வுக்கு இடமில்லை. அப்படியிருந்தும் அதைக் கடைப்பிடிக்கப் பலர் சிரமப்பட்டதாகக் குஷ்லெவ் சொல்லியிருக்கிறார். அலுவலகத்திலோ, மெயிலைத் திறக்காமல் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் லீட் ஏதாவது கேட்டிருப்பாரோ என்ற கேள்வியோடுதான் கழிகிறது. இன்பாக்ஸ் மூடியிருக்கிறது, கவலை மூடவில்லை. அந்தக் கவலையை மூடும் அதிகாரம் பெறுகிறவருக்கு இல்லை. நேரம் எழுதாத எந்த மெயிலும் அடுத்த வேலைநாள் மாலைவரை காத்திருக்கும் என்று நீங்கள் ஒருமுறை சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றினால்தான் அது மூடும்.

     

ஏன் ஒரு சின்னப் பழக்கத்தை மட்டும் கேட்கிறேன், ஒருநாள் பயிற்சி முகாம் நடத்திப் பத்து விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினால் என்ன? ஒட்டலாம், ஆனால் பரபரப்பான நாளில் யாரும் சுவரைப் பார்ப்பதில்லை. கைப்பழக்கமாகிவிட்டது மட்டும்தான் அப்போது நடக்கும். 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதியதிலிருந்து திரிந்து வந்த கணக்கு அது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு செயல் தானாக நடக்கத் தொடங்குவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று தெரிந்தது. ஆளுக்கு ஆள் அந்தக் கணிப்பு 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பதுபோன்ற எளிய செயல்கள் சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கான வழி தெளிவாகிறது. செயல் சிறியதாக இருக்க வேண்டும், நாள்தோறும் பலமுறை நடப்பதாக இருக்க வேண்டும், இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று தெரிந்தே தொடங்க வேண்டும், ஒருநாள் மறந்ததற்காகக் கைவிடக் கூடாது. மெயிலின் முதல் வரியில் நேரம் எழுதுவது இவை எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது.

அதைப் படிய வைப்பதற்கும் சோதித்துப் பார்த்த வழி ஒன்று உண்டு. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்தது இது. "இனிமேல் தெளிவாக மெயில் எழுதுவேன்" என்ற பொதுவான தீர்மானத்தைவிட, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரு தருணத்தோடு முடிச்சுப் போட்ட தீர்மானம் அதிகம் நிறைவேறுகிறது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதன் பலன் நன்றாகவே தெரிந்தது. உங்களுக்கான முடிச்சு இதுவாக இருக்கட்டும்: டூ-வில் ஒரு பெயரைப் போட்டவுடன், விஷயத்தை எழுதும் முன்பே, நேரத்தை எழுதுவேன். கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அவசரத்தில் அதுதான் முதலில் விடுபடும். நேரத்தை முதலில் எழுத உட்காரும்போது இன்னொன்றும் நடக்கும். இது உண்மையில் எப்போது வேண்டும் என்று நீங்களே யோசிக்க வேண்டிவரும். பல மெயில்களில் அதற்கு உங்களிடமே பதில் இருக்காது. சிலவற்றில் வெள்ளிக்கிழமை போதும் என்று தெரியும். சிலவற்றை அனுப்பவே தேவையில்லை, நாளைக்கு ஸ்டாண்ட்-அப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். ஏஎஸ்ஏபி என்று எழுதுவது இந்த யோசனையைத் தவிர்க்கும் வழி. அதில் நேரம் இல்லை, அழுத்தம் மட்டும்தான் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன். கிளையன்ட் காத்திருக்கமாட்டார், ப்ரொடக்ஷன் விழுந்துவிட்டால் பகல் இரண்டு மணிக்குப் பார்க்கலாம் என்று சொல்ல முடியுமா என்பது முதலாவது. இது நியாயமான மறுப்பு, லேசாகத் தள்ளக்கூடியதல்ல. ஆனால் ப்ரொடக்ஷன் விழுந்தால் அதைச் சொல்ல மெயில் சரியான வழியா? அவசரமானது எதுவும் மெயிலில் வரலாம் என்று வைத்தால், எல்லோரும் எப்போதும் மெயிலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வேறு வழியில்லை. அரிதாக வரும் ஒரு அவசரத்துக்காகக் குழு முழுவதும் எல்லா நாளும் காவல் இருக்கிறது. அவசரத்துக்கு போன் செய்யுங்கள், இந்த வாரம் ஆன்-கால் யார் என்று முறை போடுங்கள், அவருக்கு மட்டும் அலாரம் அடிக்கட்டும். மெயிலில் வருவது காத்திருக்கக்கூடியது என்று மற்றவர்கள் நம்பலாம். கிளையன்ட் கோபித்துக்கொள்வார் என்ற அச்சத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. பாஸ்டன் கன்சல்டிங் குரூப், கிளையன்ட் கூப்பிட்டால் எந்நேரமும் ஓட வேண்டிய தொழில் செய்யும் நிறுவனம். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலின் லெஸ்லி பெர்லோ அங்குள்ள குழுக்களில் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மாலை வேலையிலிருந்து முற்றிலும் விடுதலை என்று முன்கூட்டியே நிச்சயித்து, வாரந்தோறும் குழுவாக உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வைத்தார். 2009-ல் அவர் எழுதியதன்படி, ஊழியர்களின் திருப்தி கூடியது, குழுவுக்குள் பேச்சு தெளிவானது, கிளையன்ட்டுக்குக் கிடைத்த வேலையின் தரம் குறையவில்லை. அது ஒருவர் தனியாக வைத்துக்கொண்ட வைராக்கியத்தால் நடக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடாக இருந்ததால்தான் நடந்தது.

"எனக்கு வசதியான நேரத்தில் அனுப்புகிறேன், அவர்களுக்கு வசதியான நேரத்தில் பார்க்கட்டும்" என்பது இரண்டாவது. இதைச் சொல்கிறவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். பகலில் மீட்டிங்கிலேயே நேரம் போய்விடுவதால் இரவில்தான் உங்களுக்கு மெயில் எழுத நேரம் கிடைக்கிறது என்பதும் தெரியும். ஆனால் அப்ரைசலில் ரேட்டிங் போடுகிறவர் நீங்கள். ஆன்சைட் போக யார் பெயரைச் சொல்வது என்று தீர்மானிப்பதும் நீங்கள். அந்த இடத்திலிருந்து வரும் மெயிலில் மௌனம் இருந்தால், பெறுகிறவர் அதை அவசரம் என்றுதான் படிப்பார். பாதுகாப்பான அர்த்தம் அவருக்கு அதுதான். இரவு எழுதுங்கள், தவறில்லை. ஷெட்யூல் சென்ட் கொடுத்துக் காலை 9.30-க்குப் போகும்படி செய்யுங்கள். ஜிமெயிலில் 2019 ஏப்ரலிலிருந்து அந்த வசதி இருக்கிறது, அவுட்லுக்கில் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் இன்னொரு முழு வேலை காத்திருக்கும் பெண்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது. "அவங்க கமிட்டடா இல்லை" என்று அலுவலகங்களில் பெயரெடுக்கிறவர்கள் பலர், இரவு 9.30 மெயிலுக்கு 9.45-க்குப் பதில் போட முடியாதவர்கள்தான். அவர்களுடைய பகல் வேலையில் குறை இருந்திருக்காது. கேட்கப்படாத ஒரு வேகத்தை வைத்து ஒருவரை எடைபோடுவது அநியாயம், அதை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது.

மெயிலெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள், எல்லாம் டீம்ஸிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும்தான் நடக்கிறது என்று இளையவர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதனால் பிரச்சினை குறையவில்லை, கூடியிருக்கிறது. மெயிலுக்கு ஒருவர் பதில் தராமல் இருந்தால் பார்க்கவில்லை போலும் என்று நினைக்கலாம். டீம்ஸில் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது, வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுகிறது. "ஹாய்" என்று மட்டும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குக் காக்க வைப்பதும் அங்கே சாதாரணம். சாட்டிலும் அதே பழக்கம்தான்: விஷயத்தை ஒரே செய்தியில் எழுதுங்கள், நேரத்தை முதலில் எழுதுங்கள்.

இதையெல்லாம் சட்டமோ கம்பெனி பாலிசியோ செய்யட்டும் என்பது இன்னொரு வாதம். வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை பிரான்ஸ் 2017 ஜனவரி 1 முதல் சட்டமாக்கியது. 50-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் இது குறித்துத் தொழிலாளர் தரப்போடு பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இதுபோன்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஃபோக்ஸ்வாகன் 2011-லேயே ஜெர்மனியில் ஒரு பிரிவு ஊழியர்களுக்கு, ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரத்தில் போனுக்கு மெயில் போவதை சர்வரிலேயே நிறுத்தியது. இந்திய நாடாளுமன்றத்தில் சுப்ரியா சுலே இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். இப்படி ஒரு சட்டம் இங்கே வர வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன். ஆனால் சட்டம் இரவைத்தான் காக்கும். காலை 11 மணிக்கு, கடினமான ஒரு பக்கில் மூழ்கியிருப்பவரை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இன்பாக்ஸுக்கு இழுப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. நஷ்டத்தின் பெரும்பகுதி பகலில்தான் நடக்கிறது. அது சட்டத்துக்கு எட்டாத இடம். உங்களுக்கு எட்டும்.

எனக்கு மேலே இருப்பவர் எனக்கு இப்படி எழுதுவதில்லையே என்ற உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. நடுவில் இருப்பவரின் சுமை அது. அங்கே நீங்கள் பெறுகிறவர், விதி போட முடியாது. ஆனால் கேட்க முடியும். மேலிருந்து நேரமில்லாத மெயில் வந்தால், "நாளை மாலை 4 மணிக்குள் அனுப்புகிறேன், அதற்கு முன்பு தேவையென்றால் சொல்லுங்கள்" என்று ஒரு வரி பதில் போடுங்கள். பல சமயம் மறுபேச்சு வராது. அவர் மனதிலும் அவ்வளவுதான் இருந்திருக்கும். அந்த ஒரு வரிக்குப் பிறகு மெயிலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் உங்களுக்கும் இல்லை. இதே வரியை எழுத உங்கள் குழுவினருக்கும் வெளிப்படையாக அனுமதி கொடுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் லீடிடம் "எப்போதைக்குள் வேண்டும்?" என்று கேட்பதற்கே தயங்குவார். கேட்டால் குறைவாக நினைக்கமாட்டேன் என்று நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் கேட்பார்.

அடுத்த திங்கட்கிழமை ஸ்டாண்ட்-அப்பில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். இரவு 8 மணிக்கு நான் ஒரு மெயில் அனுப்பினால் எப்போதைக்குள் பதில் எதிர்பார்ப்பேன் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டு, ஒவ்வொருவரையும் பெயர் போடாமல் ஒரு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன் உங்கள் பதிலை நீங்கள் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். இரண்டையும் எல்லோர் முன்னாலும் பிரித்துப் படியுங்கள். பிறகு உங்கள் ஏற்பாட்டைச் சொல்லுங்கள்: நேரம் எழுதாத மெயிலுக்கு அடுத்த வேலைநாள் மாலைவரை அவகாசம் உண்டு, அவசரமென்றால் போன் வரும், சிசியில் இருப்பவர் பதில் சொல்லத் தேவையில்லை. பத்து வாரம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். உங்கள் சீட்டுக்கும் அவர்கள் சீட்டுக்கும் இடையிலான வித்தியாசம் குறையாமல் இருந்தால், உங்கள் சென்ட் ஃபோல்டரைத் திறந்து கடைசி ஐம்பது மெயில்களின் முதல் வரியை மட்டும் படித்துப் பாருங்கள். எந்த நாளில், எந்த மாதிரி அவசரத்தில், யாருக்கு எழுதும்போது நேரம் விடுபட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அங்கிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்.